ஊழியத்துக்குப் போனால் முதலில் சாப்பிடுங்கள்

எங்கள் சபையின் ஊழியக் குழுவில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அக்கா, அங்கே போய் என்ன பேசணும்?" என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: ஒன்றும் பேச வேண்டாம், கொடுப்பதைச் சாப்பிடுங்கள், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள், இருட்டுவதற்குள் கிளம்புங்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரிப்பார்கள். நாலு தடவை கூட வந்த பிறகு சிரிக்க மாட்டார்கள்.

நாங்கள் ரங்கூனில் இருக்கிற ஒரு சின்னத் தமிழ்ச் சபை. ஞாயிறு காலை ஆராதனை தமிழில் நடக்கும், வாலிபர் கூட்டம் தமிழில் தொடங்கிப் பாதியில் பர்மியத்துக்குப் போய்விடும். முடிகிற சனிக்கிழமைகளில் பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமங்களுக்கும், பாலம் தாண்டிச் சீரியம் பக்கமும் வீடு சந்திக்கப் போவோம். அங்கே இருப்பவர்கள் நெல் வயலை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள், 1964-ல் எல்லாவற்றையும் அரசுடைமையாக்கியபோது லட்சக்கணக்கானவர் கப்பலேறிப் போனார்களே, அப்போது போக வழியில்லாமலோ போக மனமில்லாமலோ இங்கேயே நின்றுவிட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெரும்பாலும் அம்மனையும் முனீஸ்வரனையும் கும்பிடுகிறவர்கள், பௌர்ணமிக்குப் பகோடா என்கிற புத்தர் கோயிலுக்கும் ஒரு நடை போய்வருவார்கள். 2014 கணக்கெடுப்பில் இந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் 6.2 சதவீதம். அதில் பெரும்பகுதி சின், கச்சின், கரேன் இன மக்கள். பர்மியர் கண்ணுக்கு நாம் கலா, அதாவது இந்தியாக்காரர்; கலாக்களுக்குள்ளே நாம் வேதக்காரர்கள். சிறுபான்மைக்குள் சிறுபான்மை.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சுவிசேஷ ஊழியம் பற்றி வருகிற புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் வசதியுள்ளவர் வசதியில்லாதவரிடம் போகிற மாதிரியே பேசுகின்றன. கையில் பணமும் பின்னால் ஒரு பெரிய சபையும் இருந்தால் அது சரியாக இருக்கலாம். எங்கள் சபையில் பாதிப் பேர் சம்பளத்தை எதிர்பார்த்து அரிசிக் கடையில் கடன் வைத்திருப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் எப்படிப் போவது என்பதற்கு லூக்கா 10-ஆம் அதிகாரத்தை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. எழுபது பேரை அனுப்பும்போது ஆண்டவர் பணப்பையையும் சாமான் பையையும் பாதரட்சையையும் கொண்டுபோக வேண்டாம் என்கிறார், நுழைகிற வீட்டுக்குச் சமாதானம் சொல்லச் சொல்கிறார், "அவர்களிடத்திலுள்ளவைகளைப் புசித்துக் குடியுங்கள்" என்கிறார், அதே வசனத்தில் "வீட்டுக்குவீடு போகாதேயுங்கள்" என்றும் சொல்லிவிடுகிறார். நாங்களோ ஒரே நாளில் ஒரு தெரு முழுவதும் வீட்டுக்கு வீடு போய்ச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பதைத்தான் ஊழியம் என்று தலைமுறையாகப் பழகியிருந்தோம். அனுப்பப்பட்டவர்கள் கொடுக்கப் போகவில்லை, விருந்தாளியாகப் போனார்கள். கையில் ஒன்றும் இல்லாமல், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டையே நம்பி.

பெகு பக்கம் ஒரு பாட்டி வீடு. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, வாசலில் தண்ணீர்ப் பானை. உட்காரப் பாய் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனவரிடம், எங்களோடு வந்த தம்பி ஒருவர் வழக்கம்போல "வேண்டாம் பாட்டி, சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்று ஆரம்பித்தார். நான் அவரை முழங்கையால் இடித்து நிறுத்தினேன். பாட்டி வீட்டில் முட்டை இல்லை. பேத்தியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். நாலு முட்டையோடு பேத்தி திரும்பி வரும்போது அந்த வீட்டு அம்மாவும் கூடவே வந்துவிட்டார், யார் வந்திருக்கிறார்கள், எதற்கு முட்டை என்று பார்க்க. அவரும் உட்கார்ந்தார். சோறு, ஙப்பி என்கிற புளிக்கவைத்த மீன் விழுது, முட்டைக் குழம்பு, புளிச்சகீரை. ஙப்பியின் காரத்தில் அந்தத் தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பாட்டிக்கு ஒரே சிரிப்பு. சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் தாய்லாந்தில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய் மாதக்கணக்காகப் பேசவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஜெபிக்கலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவராகவே, "நீங்க வேதக்காரங்கதானே, அவனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க" என்றார்.

சாப்பிட்டு வந்தோம் என்று சொல்லியிருந்தால் முட்டை வேண்டியிருக்காது, முட்டை வேண்டாமென்றால் அந்த அம்மா வந்திருக்க மாட்டார். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கிராமத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அது நாலு வீட்டுச் செய்தி. கைப்பிரதியோடு யாரோ வந்தால் நாலு வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும்.

பிரசாதம் என்ன செய்வது என்று உடனே கேட்பார்கள். இது நிஜமான சிக்கல், சும்மா மழுப்ப முடியாது. பவுல் 1 கொரிந்தியர் 10-ல் சொல்வது தெளிவாகவே இருக்கிறது: முன்னால் வைப்பதை விசாரியாமல் சாப்பிடு, இது படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் சாப்பிடாதே. ஆனால் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. கோயில் பொங்கலைக் கையில் கொடுத்த பிறகு முகத்தைச் சுளித்துப் பக்கத்தில் வைப்பது அந்த வீட்டையே அவமானப்படுத்துவது. நாங்கள் கண்டுபிடித்த வழி, கோயில் விசேஷ நாட்களில் போகாமல் இருப்பது. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள் என்றால் தீமிதி முடிகிற வரைக்கும் அந்த ஊரில் எங்களுக்கு வேலை இல்லை. விரதம் இருக்கிற வீட்டில் போய் உட்கார்ந்து அவர்களுடைய ஒழுங்கைக் கெடுக்கிறவர்கள் சொல்வதை யார் கேட்பார்கள்? எதிர்பாராமல் அகப்பட்டுக்கொண்டால், "பாட்டி, சாமிக்கு வச்சதை நாங்க சாப்பிடறதில்ல, ஆனா நீங்க போடற டீயை விடமாட்டோம்" என்று நேராகச் சொல்லிவிடலாம். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புரியும். அவர்களுக்கும் நாள் கிழமை பார்த்துச் சாப்பிடுவதும் தவிர்ப்பதும் உண்டே.

கைப்பிரதி விஷயத்துக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை, என் அப்பா காலத்தில் அதைப் படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், வீட்டில் வயதானவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், கண் தெரியாது. பிள்ளைகளுக்குக் கண் தெரியும், தமிழ் படிக்க வராது. மிஷன் பள்ளிகளும் தமிழ்ப் பள்ளிகளும் அறுபதுகளில் போனபின் கோயிலிலும் சபையிலும் வார இறுதியில் சொல்லித்தருகிற தமிழ்தான் பிள்ளைகளுக்குக் கிடைப்பது. வீட்டில் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் திணறுவார்கள். அதனால் எங்கள் பாட்டுத்தாளில் தமிழ்க் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் அடித்துக் கொடுக்கிறோம். இதற்குச் சபையில் பெரிய எதிர்ப்பு வந்தது. தமிழைக் கொல்கிறீர்கள் என்று ஒரு பெரியவர் ஆராதனை முடிந்த கையோடு என்னைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவருடைய பேரன் முதல் தடவையாகத் தலை குனியாமல் சத்தமாகப் பாடினான். பெரியவர் இன்னும் சமாதானமாகவில்லை, ஆனால் தாளைத் திருப்பித் தரச் சொல்லவும் இல்லை.

வேதவசனம் வாசிக்க நேர்ந்தால் இரண்டிலும் வாசிக்கிறோம், பாட்டிக்குத் தமிழில், பிள்ளைகளுக்கு ஜட்சனின் பர்மிய மொழிபெயர்ப்பில். அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் அதை 1834-ல் முடித்தார், திருத்திய பதிப்பு 1840-ல் வந்தது, இன்றைக்கும் இங்கே சபைகளில் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஊழியம் என்றாலே அவசரப்படுகிறவர்களிடம் நான் இந்த மனிதரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1813 ஜூலையில் மனைவி ஆனோடு ரங்கூனில் வந்து இறங்கினார். வந்த வருஷங்கள் முழுவதும் ஒரு பர்மிய ஆசிரியரிடம் உட்கார்ந்து மொழி படித்ததுதான் முக்கிய வேலை. 1819 ஏப்ரலில் பகோடாவுக்குப் போகிற வழியோரம் ஒரு ஸயாட் கட்டினார், அதாவது வழிப்போக்கர்கள் இளைப்பாறுகிற சத்திரம் மாதிரியான திறந்த கொட்டகை. இந்த நாட்டில் எல்லா ஊரிலும் இருப்பதுதான், புதிதாக ஒன்றும் இல்லை. அதில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரோடு பேசினார். அந்த ஜூனில்தான் மாங் நௌ என்கிற முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார். வந்து இறங்கி ஆறு வருஷம்.

ஜட்சனைப் பற்றிய பிரசங்கங்களில் அவர் சிறையில் பட்ட பாடுதான் அதிகம் வரும், 1824-ல் ஆங்கிலேயரோடு சண்டை வந்தபோது பிடித்துப் போட்டார்களே, அது. எனக்கு அந்த ஸயாட்தான் பெரிதாகத் தெரிகிறது. ஊர் வழக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒரு இடம், யாரும் வரலாம், பிடிக்கவில்லையென்றால் எழுந்து போகலாம், யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. நம் சபைக் கட்டடங்களில் அந்த வசதி கிடையாது. ஒரு இந்துக் குடும்பத்துப் பெண் எங்கள் வாசலுக்குள் காலை வைத்தால் மாலைக்குள் அவள் மாமியாருக்குச் செய்தி போய்விடும். அதனால் நாங்கள் வெளியே ஏற்பாடு செய்தோம். சபைச் சுவரை ஒட்டித் தெருப் பக்கம், மண்பானைகளும் மூடியும் குவளையும், தலைக்கு மேல் சின்னக் கூரை, கீழே ஒரு பெஞ்சு. புண்ணியத்துக்குத் தெருவோரம் தண்ணீர் வைப்பது பர்மியர் வழக்கம், எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். எங்கள் பானையில் வசனம் எழுதலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று போதகர் ஐயாவே சொல்லிவிட்டார். தினமும் தண்ணீர் மாற்றி, பானையைத் தேய்த்துக் கழுவுவதற்கு முறை போட்டிருக்கிறோம். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: பாசி பிடித்த பானையை வைப்பதைவிட வைக்காமல் இருப்பது மேல், அது ஊர் முழுக்க உங்களைப் பற்றிச் சொல்லிவிடும். முறை தவறாமல் கழுவுவது வாலிபர்களில்லை, எங்கள் பெண்கள் சங்கத்து இரண்டு அம்மாக்கள். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவின்போது பர்மியர் தெருவில் எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள், நாங்களும் ஒரு வேளை போடுகிறோம். எலுமிச்சைச் சாதமும் ஊறுகாயும். வரிசையில் நிற்பவர் யார் என்று கேட்பதில்லை.

2021 ஜூலையை ரங்கூனில் இருந்தவர்கள் மறக்க முடியாது. கொரோனா மூன்றாம் அலை, ஆக்ஸிஜன் நிரப்பும் இடங்களில் விடிய விடிய வரிசை. மருந்து வேண்டுமென்றால் மஞ்சள் துணி, சாப்பாடு வேண்டுமென்றால் வெள்ளைத் துணி என்று வீட்டு முகப்பில் கட்டிவைக்கிற வழக்கம் அப்போது வந்தது. எங்கள் சபையில் ஒரு குடும்பத்திடம் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் தெருத்தெருவாகப் போனது. அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினவர்கள் வீடு சந்திப்பில் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்கள், கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் ஓடி ஒளிகிறவர்கள். ரெகுலேட்டரைத் திருகி, வால்வில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊழியக் குழு என்றால் பேசத் தெரிந்தவர்கள் என்கிற எண்ணம் எங்கள் சபையில் அன்றோடு போயிற்று. அது போனது நல்லது.

சாவு வீடு இன்னொன்று. இங்கே இலவச ஈமச்சடங்குச் சங்கம் ஒன்று இருக்கிறது, நடிகர் ஜோ தூவும் மற்றவர்களும் 2001-ல் தொடங்கியது. எந்த மதம், எந்த இனம் என்று பார்க்காமல் பெட்டியும் வண்டியும் கொடுத்து அடக்கம் செய்து வைப்பார்கள். பணமில்லாமல் பிணத்தை வைத்துக்கொண்டு தவிக்கிற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. பௌத்தர்கள் முன்னின்று நடத்துகிற அந்தச் சேவையைப் பார்த்துத்தான் எங்கள் சபையும் சாவு வீடுகளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, தார்ப்பாய், பெரிய டீக் கெட்டில், கண்ணாடிக் கிளாஸ் எல்லாம் இலவசமாகத் தர ஆரம்பித்தது. சாமானோடு இரண்டு பேர் போவார்கள், கிளாஸ் கழுவுவார்கள், கருமாதி வரைக்கும் நாற்காலி அங்கேயே இருக்கலாம். சாவுக்கு யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பது, கோயில் திருவிழாவுக்குக் கொடுப்பதில்லை என்று கமிட்டியில் முடிவாயிற்று. திருவிழாவுக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது, நாற்காலி சாமி கும்பிடுவதில்லை. ஆனால் சபையில் சிலருக்கு அது மனச்சாட்சிப் பிரச்சினை, அவர்களைத் தள்ளிவிட்டு ஊழியம் செய்ய முடியாது.

உதவியும் உபதேசமும் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2008 மே மாதம் நர்கிஸ் புயலுக்குப் பிறகு ஐராவதி டெல்டாவுக்கு அரிசி, உப்பு, தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு போன படகுகளில் நானும் போனேன். இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அங்கே ஒரு குழு, பெயர் வேண்டாம், அரிசி வாங்க வந்தவர்களை முதலில் உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, ஜெபம் முடிந்த பிறகுதான் மூட்டையைப் பிரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மனிதருக்கு அன்று வீடும் இல்லை, மனைவியும் இல்லை. அவர் வாயசைத்தார். அரிசி வாங்கியதும் போய்விட்டார். அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, ஏன் பார்க்க வேண்டும்?

நிவாரணத்தை மதப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-லேயே நடத்தை விதி எழுதிக்கொண்டன. 2011-ல் உலகத் திருச்சபைகள் மாமன்றமும் வத்திக்கானும் உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் சேர்ந்து, பல மதத்தார் நடுவில் சாட்சி சொல்வது எப்படி என்று ஒரு ஆவணம் வெளியிட்டபோதும், வறுமையையும் தேவையையும் வைத்து ஆள் சேர்க்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள். இந்த மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒத்துக்கொள்வது லேசான விஷயமில்லை. எங்கள் குழுவில் இதைச் சுருக்கி ஒரு பழக்கமாக்கிக்கொண்டோம்: சாமான் கொண்டுபோகிற அன்று வேதாகமம் பையிலேயே இருக்கட்டும், மூட்டை மேல் சபை பெயர் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாந்தளைக்குத் தார்ப்பாயும் குடிதண்ணீரும் அனுப்பியபோதும் அப்படித்தான். காணிக்கை கொடுத்த வெளிநாட்டு உறவினர்கள் போட்டோ கேட்டார்கள். மூட்டைகளின் போட்டோவையும் கடை ரசீதையும் அனுப்பினோம், ஆட்களின் முகத்தை அனுப்பவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டார்கள், அப்புறம் சரியாகிவிட்டது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, வாலிபர்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2015-ல் வந்த மதமாற்றச் சட்டப்படி, மதம் மாற விரும்புகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், வட்டார அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து, அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி, யோசிக்கக் கொடுக்கிற அவகாசம் முடிந்த பிறகுதான் சான்றிதழ். கட்டாயப்படுத்துவதும் ஆசைகாட்டுவதும் குற்றம். இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, அது முஸ்லிம்களை மனதில் வைத்து வந்தது என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பெற்றோருக்குத் தெரியாமல் கூட்டத்துக்குக் கூட்டி வருவது சட்டம் இல்லாவிட்டாலும் தப்பு. எங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வருகிற இந்துப் பிள்ளைகளின் அம்மா அப்பாவை நாங்களே வீட்டில் போய்ப் பார்த்து, பாட்டும் கதையும் இருக்கும், இன்ன கதைதான் சொல்வோம், நீங்களும் வந்து உட்காரலாம் என்று சொல்லிவிடுவோம். சில அம்மாக்கள் வந்து உட்காருவார்கள். சமையல் உதவிக்கும் வருவார்கள். அனுப்பாதவர்கள் அனுப்புவதில்லை, அவர்கள் வீட்டிலும் டீ குடிக்கிறோம்.

ராத்திரி தங்குவது இப்போது முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியாள் தங்கினால் வார்டு அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும் என்கிற விதியை 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாம் பதியாமல் தங்கினால் மாட்டுவது நாமில்லை, இடம் கொடுத்த வீட்டுக்காரர். பகலில் போனாலும் ஊர்த் தலைவரிடம் முதலில் முகத்தைக் காட்டிவிட்டுப் போவது நல்லது. நான் டியூஷன் எடுப்பதால் பர்மியர் என்னை சயாமா, அதாவது டீச்சர், என்று கூப்பிடுவார்கள், அந்த மரியாதை தலைவர் வீட்டு வாசலில் கொஞ்சம் உதவுகிறது. குழுவில் ஆசிரியரோ நர்ஸோ இருந்தால் அவரை முன்னால் விடுங்கள்.

அப்போ எப்போதுதான் இயேசுவைப் பற்றிப் பேசுவது என்று கேட்டால், அவர்கள் கேட்கும்போது. கேட்பார்கள். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல" ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார் பேதுரு. கேள்வி வருகிற மாதிரி வாழ்வது முதல் பாதி, கேள்வி வரும்போது பதில் வைத்திருப்பது இரண்டாம் பாதி. இதில் இரண்டாவதில்தான் எங்கள் பிள்ளைகள் சறுக்குகிறார்கள், மனப்பாடமாக நாலு வசனம் வரும், சொந்த வாயால் ஒன்றும் வராது. அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒவ்வொருவரும் "நான் ஏன் இதை நம்புகிறேன்" என்பதை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிப் பழகச் சொல்கிறேன், தமிழிலும் பர்மியத்திலும், 'இரட்சிப்பு', 'பரிசுத்தமாக்கப்படுதல்' மாதிரி சபைக்குள் மட்டும் புழங்குகிற சொல் ஒன்றும் இல்லாமல். முதல் தடவை எல்லாரும் திணறுவார்கள். ஒரு பெண் மட்டும், "எங்கப்பா குடிப்பார், நான் ராத்திரி அவரை நினைச்சு யார்கிட்டயாவது பேசணும், அப்படித்தான் பேச ஆரம்பிச்சேன்" என்றாள். இதற்கு மேல் நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

நாற்காலி கொடுத்த ஒரு சாவு வீட்டில் கணவரை இழந்த அம்மா, காரியமெல்லாம் முடிந்து பல மாதம் கழித்து என்னைச் சந்தையில் பார்த்து, "உங்க ஆளுங்க ஏன் வந்து கிளாஸ் கழுவினாங்க?" என்று கேட்டார். மீன்காரி காத்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டார். இப்போதும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குத்தான் போகிறார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவர் மகன் வேறொரு பர்மியச் சபையின் வாலிபர் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறான், எங்கள் சபைக்கு வரவில்லை. எங்கள் வருஷாந்தர அறிக்கையில் 'புதிய ஆத்துமாக்கள்' என்று ஒரு கட்டம் உண்டு, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இவர்களை அதில் எங்கே போடுவது? போதகர் ஐயா அந்தக் கட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களை மட்டும் எழுதிவிட்டு, பக்கத்தில் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டு, 'இந்த வருஷம் நம்மைச் சாப்பிடக் கூப்பிட்ட வீடுகள்' என்று எழுத ஆரம்பித்திருக்கிறார். மேலிடத்திலிருந்து அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் நாங்கள் அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போடுகிறோம்.

சேர விரும்புகிறவர்களுக்குக் கடைசியாக நாள் விஷயம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, வயல் வரப்பில் சேறு முழங்கால் வரைக்கும் இருக்கும், அப்போது நகரத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரியும் வீடும் பார்ப்போம். நவம்பரில் அறுப்பு, பகலில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள், போனால் தொந்தரவுதான். டிசம்பரில் கேரல் பாடப் போகலாம், அதற்கு இந்து வீடுகளும் கூப்பிடுவார்கள், பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க வேண்டும். கூப்பிடாத வீட்டு வாசலில் நின்று பாடாதீர்கள். சீக்கிரம் தொடங்கி ஆறு மணிக்குள் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட வேண்டும், தாளமும் டோலக்கும் சபையில் இருக்கிறது, மழைச் சேற்றில் போட்ட செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள். வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.